மூன்று மில்லிமீட்டர் நிலா

எங்கள் ஊரில் குறி பார்க்கும் டாரட் சீட்டுக்கட்டு செய்கிறவர்கள் எதையும் மனதில் நினைத்து வரையக்கூடாது. சூரியனை வரைவதென்றால் சூரியன் வீட்டுக்கு வந்து எதிரில் உட்கார வேண்டும். அது உட்கார்ந்திருக்கும் நேரம் முழுவதும் ஊரில் அதன் வேலை நிற்கும். படம் முடிந்ததும் வரைந்தவர் கீழே கையெழுத்துப் போடுவார். அதன் பிறகுதான் வந்தது எழுந்து போகலாம்.

சொந்தச் சீட்டுக்கட்டு இல்லாதவர்களுக்கு நாளை என்ன நடக்கும் என்று எங்கள் ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். அதனால் படிப்பு முடித்த எல்லோரும் ஒரு கட்டு செய்துவிடுவார்கள். விண்ணப்பம் நகராட்சி அலுவலகத்தின் மாடியில், அமர்வுப் பிரிவில் கிடைக்கும். எழுபத்தெட்டுச் சீட்டுக்கு எழுபத்தெட்டுப் படிவம். எனக்காக அம்மாதான் போய் வாங்கிவந்தாள். எனக்கு அலுவலகங்களில் பேச வராது. கடைகளிலும் வராது. பேருந்தில் இறங்கும் இடம் வந்தால்கூட அம்மாதான் நடத்துநரிடம் சத்தம் போடுவாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்ததால், பேசுவது முழுவதும் அவள் பங்குக்கும் பார்ப்பது முழுவதும் என் பங்குக்கும் வந்துவிட்டது.

“என் பொண்ணு சுடர்விழிக்கு எல்லாம் வரும் மேடம், வாய் மட்டும் வராது. வரையுறதுக்கு வாய் வேணுமா என்ன?” என்று அமர்வுப் பிரிவு எழுத்தர் கமலவேணியிடம் அம்மா கேட்டாளாம்.

“வேணாம். கையெழுத்துப் போட்டாப் போதும்” என்றாராம் கமலவேணி.

சின்னச் சீட்டுகள் ஐம்பத்தாறையும் முதல் ஏழு மாதத்தில் முடித்தேன். வெளியூர்க் கட்டுகளில் கோப்பை, கோல், வாள், நாணயம் என்று நான்கு இனங்கள் இருக்கும். என் கட்டில் டம்ளர், அகப்பை, அரிவாள்மணை, பொத்தான். டம்ளர்கள் அமர்ந்த நாளில் ஊரில் எந்த டம்ளரிலும் தண்ணீர் நிற்கவில்லை. எல்லோரும் கையைக் குவித்துக் குடித்தார்கள். பொத்தான்கள் அமர்ந்த நாளில் ஆண்கள் சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போனார்கள். யாரும் குறை சொல்லவில்லை. அவர்கள் வீட்டிலும் யாராவது ஒருவர் வரைந்துகொண்டிருப்பார்.

பெரிய சீட்டுகள் இருபத்திரண்டு. கோபுரச் சீட்டுக்காக ஊர்த் தண்ணீர்த் தொட்டி நான்கு கால்களால் நடந்து வந்தது. உள்ளே நுழைய முடியாமல் தெருவிலேயே உட்கார்ந்தது. நட்சத்திரம் மிகச் சிறியது. அதைச் சுவிட்சுப் பலகையின் மேல் உட்காரவைத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு வரைந்தேன்.

சூரியன் வைகாசியில் வந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தது. நானும் அம்மாவும் நகராட்சி கொடுத்தனுப்பிய வெல்டிங் கண்ணாடியைப் போட்டுக்கொண்டோம். பதினொரு மணியிலிருந்து இரண்டு மணிவரை ஊர் இருட்டில் இருந்தது. எங்கள் வீட்டுச் சன்னல் வழியாக மட்டும் தெருவில் ஒரு கட்டம் வெயில் விழுந்தது. தெருப் பெண்கள் அந்த ஒரு கட்டத்தில் வரிசை போட்டு மிளகாய் வற்றல் காயவைத்தார்கள். எவ்வளவு மஞ்சள் போட்டும் போதவில்லை. நான் கையெழுத்துப் போட்டதும் அது எழுந்து, குனிந்து, தன் படத்தை வெகுநேரம் பார்த்தது. பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டது. அது உட்கார்ந்திருந்த பிரம்பு நாற்காலி இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது.

நிலாவிடம்தான் தவறு செய்தேன்.

படத்தைப் பெரிய அட்டையில் வரைந்து, பிறகு மரியசெல்வம் அண்ணனின் அச்சகத்தில் சீட்டு அளவுக்கு வெட்டுவோம். அட்டையில் நான்கு பக்கமும் வெட்டுக்கோடு இருக்கும். தேவையான எதுவும் அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது. நிலா உட்கார்ந்த இடத்திலிருந்து மெல்ல மெல்லச் சாய்ந்துகொண்டே இருந்தது. அதன் அழகைப் பார்த்துக்கொண்டே நானும் பென்சிலோடு சாய்ந்துவிட்டேன்.

மரியசெல்வம் அண்ணன் கத்தியை இறக்கினார். பிறகு குனிந்து தரையிலிருந்து எதையோ எடுத்தார்.

“சுடரு, இது நிலாவுல உள்ளதா?”

நகத்துண்டு போல வளைந்த ஒரு காகிதச் சீவல். மூன்று மில்லிமீட்டர் அகலம். அவருடைய உள்ளங்கையில் ஒளிர்ந்தது.

“கோட்டைத் தாண்டி வரைஞ்சா கத்தி என்ன பண்ணும், பாவம்” என்றாள் அம்மா.

அன்று முதல் எங்கள் ஊர் நிலா இடப்பக்கம் மூன்று மில்லிமீட்டர் குறைவாக உதித்தது. கமலவேணி அதைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். சீவலை அம்மா அஞ்சறைப்பெட்டியில் கடுகுக்குப் பக்கத்துக் கிண்ணத்தில் போட்டுவைத்தாள். மின்சாரம் போகும் மாலைகளில் பெட்டியைத் திறந்துவைத்தால் ஒரு வீட்டுக்குப் போதுமான வெளிச்சம் இருக்கும்.

அதற்குப் பிறகு நான் வெட்டுக்கோட்டை மறக்கவில்லை. பேரரசிச் சீட்டுக்கு அம்மாவையே உட்காரவைத்தேன். நான்கு பக்கமும் தாராளமாக இடம் விட்டு வரைந்தேன். அம்மா உட்கார்ந்திருந்த இரண்டு மணி நேரம் ஊரில் யாராலும் பேரம் பேச முடியவில்லை. சந்தையில் சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டு வாயடைத்துத் திரும்பினார்கள். அம்மா கையெழுத்தைச் சரிபார்த்துவிட்டு எழுந்து, “பாரு, இந்த ஊரே என் வாயிலதான் ஓடுது” என்றாள்.

ஐப்பசியில் அம்மாவுக்கு இடுப்பில் வலி வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆட்டோவில் போகும்போதும் அவள் வழக்கம்போல “லெஃப்ட்ல திருப்புப்பா” என்று வலப்பக்கம் கையைக் காட்டினாள். அவளுக்கு இடது வலது எப்போதும் குழம்பும். ஓட்டுநர் கையைப் பார்த்துத் திரும்பினார்.

மருத்துவர் மூன்று நாள் சோதித்துவிட்டு, அட்டவணையில் உயிர் போகும் நேரத்தை ‘புதன், பகல் 12.40’ என்று எழுதிக் கட்டில் முனையில் மாட்டினார். அம்மா கண்ணாடியைக் கேட்டு வாங்கி அதைப் படித்தாள்.

“சோத்து நேரத்துல போட்டிருக்காரு பாரு” என்றாள்.

அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது கதவிடுக்கில் நகராட்சிக் கடிதம் இருந்தது. நான் ஆடியில் விண்ணப்பித்திருந்த பதின்மூன்றாம் சீட்டுக்கு நாள் ஒதுக்கியிருந்தார்கள். புதன், காலை பத்து மணி. அமர்பவர்: மரணம். என் சீட்டுக்கட்டில் மீதமிருந்தது அந்த ஒரு சீட்டுதான்.

செவ்வாயன்றே ஊரில் அறிவிப்புப் பலகை வைத்துவிட்டார்கள். மீன்கடைக்கும் கறிக்கடைக்கும் விடுமுறை. மல்லிகைப் பூ முதல் நாளே விற்றுத் தீர்ந்தது, புதன் முழுவதும் வாடாது என்பதால்.

மரணம் சரியாகப் பத்து மணிக்கு வந்தது. முழுக்கை வெள்ளைச் சட்டை. வலது மணிக்கட்டுப் பொத்தான் மட்டும் வேறு நிறம். யாரோ அவசரத்தில் தைத்துக்கொடுத்தது போல் இருந்தது. பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, சூட்டை உணர்ந்து லேசாக நகர்ந்து, கைகளை விரித்து நாற்காலியின் இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டது.

நான் வரைந்தேன். கைகள் அகலமாக விரிந்திருந்தன. அவற்றை உள்ளடக்கி வரையலாம். உருவத்தைச் சற்றுச் சிறிதாக்கினால் போதும். நான் சிறிதாக்கவில்லை. முழங்கைக்குக் கீழே இரண்டு கைகளும் வெட்டுக்கோட்டுக்கு வெளியே போகும்படி வரைந்தேன். பன்னிரண்டு நாற்பது ஆனது. ஆஸ்பத்திரியிலிருந்து எந்தச் செய்தியும் வரவில்லை. ஒரு கொசு என் கையில் உட்கார்ந்தது. அடித்தேன். அது நிதானமாக எழுந்து பறந்தது.

வெட்டிய பிறகு கையெழுத்துப் போடக்கூடாது என்று விதி எதுவும் இல்லை. அதனால் கையெழுத்துப் போடாமல் படத்தைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு, அச்சகத்துக்குப் போன் செய்தேன். மரியசெல்வம் அண்ணன் மைத்துனர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். சனிக்கிழமைதான் கடை திறக்கும்.

மரணம் நாற்காலியில் காத்திருந்தது.

வியாழக்கிழமை அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வார்டில் எழுதிய தேதிக்கு மேல் ஒரு நாள்கூடத் தங்க அனுமதி இல்லை. பிளாஸ்டிக் கூடையும் பிளாஸ்குமாக ஆட்டோவிலிருந்து இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தவள் நாற்காலியைப் பார்த்தாள்.

“வாங்க தம்பி. எப்ப வந்தீங்க?”

“நேத்துக் காலைல.”

“காப்பி குடுத்தாளா?”

மரணம் என்னைப் பார்த்தது.

“குடுத்திருக்க மாட்டா. வேணுமான்னு கேக்கணும்ல, அதுக்கு வெக்கம். ஏண்டி, வீட்டுக்கு வந்தவருக்கு ஒரு வாய் காப்பி இல்லையா?”

காப்பி போட்டேன். மரணம் டம்ளரை இரண்டு கைகளாலும் ஏந்திக் குடித்தது. அம்மா கட்டிலில் சாய்ந்துகொண்டு அதனிடம் ஊர்க் கதை பேசினாள். தெருவில் இன்னார் எப்படிப் போனார், அவரைத் தூக்கியபோது கனமாக இருந்தாரா என்று விசாரித்தாள். மரணம் யோசித்து, ஒரு சொல் இரண்டு சொல்லில் பதில் சொன்னது. தபால்காரர் கனம். வாத்தியாரம்மா லேசு. எங்கள் அப்பா போகும்போது வழியெல்லாம் பாட்டு முணுமுணுத்தாராம்.

“அந்த மனுசனுக்கு வீட்டுல இருந்தவரைக்கும் வாயே தெறக்காது” என்றாள் அம்மா.

வெள்ளியும் அப்படியே போனது. செவ்வாயன்று வாங்கிய மல்லிகை சாமி படத்தில் மொட்டாகவே இருந்தது. பூக்காரர் தெரு முனையில் நின்று எங்கள் வீட்டை ஒருமுறை பார்த்துவிட்டு விற்காத பூக்கூடையோடு திரும்பிப் போனார்.

சனிக்கிழமை காலை அட்டையைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

“எங்கடி?”

“அச்சகத்துக்கு.”

“காட்டு.”

காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தாள். முகம் நன்றாக வந்திருப்பதாகச் சொன்னாள். பிறகு வெட்டுக்கோட்டின் மேல் விரலை வைத்து, மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே வந்தாள். விரல் நின்றது.

“கை ரெண்டும் கோட்டுக்கு வெளிய இருக்கு.”

நான் செய்தித்தாளை மடித்தேன்.

“கை இல்லாட்டி என்னை எப்படி தூக்குவாரு? கீழ போட்டுட மாட்டாரா?”

“தூக்க வேணாம்” என்றேன்.

“பின்ன? நடந்தா போறது, இந்த இடுப்பை வச்சுக்கிட்டு?” அம்மா அட்டையைக் கீழே வைத்தாள். “மூணு நாளாப் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருக்கேன். உனக்குத் தெரியாதா? எறும்பு வரிசை மாறுனாக்கூடப் பாத்துச் சொல்றவ நீ.”

தலையணை உறையின் ஓரம் பிசைந்து பிசைந்து நூல் பிரிந்திருந்தது. அம்மாவின் கீழுதட்டில் பல் பதிந்த தடம் இருந்தது. மூன்று நாட்களாக நான் அந்த அறையில் அவளைத் தவிர எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“புது அட்டை எடு. கை உள்ள வரணும். நல்லா உள்ள.”

மரணம் கைகளை நாற்காலியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டது. உள்ளங்கைகள் மேலே பார்த்திருந்தன. நான் நாற்காலிக்கு அருகில் தரையில் உட்கார்ந்து வரைய ஆரம்பித்தேன்.

அப்படிப்பட்ட கைகளை நான் பார்த்ததில்லை. நகங்கள் ஒட்ட வெட்டப்பட்டிருந்தன, எதையும் கீறிவிடக்கூடாது என்பதைப் போல. இரண்டு உள்ளங்கைகளின் நடுவிலும் ஒரு குழி இருந்தது. பிறந்த குழந்தையின் தலையும் அதில் பொருந்தும், கிழவரின் தலையும் பொருந்தும். ரேகைகள் எண்ணற்று இருந்தன. குனிந்து பார்த்தபோது அவை ஊர்ந்துகொண்டிருந்தன, தூரத்தில் போகிறவர்களின் வரிசையைப் போல. தபால்காரரை ஏந்திய கைகள். அப்பாவை ஏந்திய கைகள். நான் ஒவ்வோர் இடமாகத் தேடினேன். எதையாவது ஒருமுறை தவறவிட்டதற்கான தழும்பு ஒன்றுகூட அவற்றில் இல்லை. என் மூச்சு மெதுவாகிவிட்டது.

பதினொன்றரைக்குப் படம் முடிந்தது. கைகளுக்கும் வெட்டுக்கோட்டுக்கும் நடுவில் இரண்டு விரல் இடம் இருந்தது. அம்மா அளந்து பார்த்தாள்.

“தம்பி, சாயந்திரமாப் போலாமா?”

“ரொம்ப நேரம் ஆயிடுச்சு, அம்மா. போகவேண்டியவங்க புதன்கிழமையிலேருந்து நிக்கிறாங்க.”

“சரி, நாலு மணி.”

“இப்பவே போயிட்டா நல்லது.”

“ஒரு வாய் ரசஞ்சோறு சாப்ட்டுட்டு. பன்னெண்டு நாப்பது. மொதல்ல போட்ட நேரம்தானே அது.”

மரணம் யோசித்துத் தலையாட்டியது. அம்மா என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

சாப்பிட்டாள். கை கழுவினாள். “வழியில வெளிச்சம் இருக்குமா?” என்று கேட்டாள்.

“கொஞ்சம் இருட்டுதான்.”

அம்மா அஞ்சறைப்பெட்டியைக் கேட்டாள். நிலாச் சீவலை எடுத்து, ஒட்டியிருந்த கடுகைத் தட்டிவிட்டு, முந்தானையில் முடிந்துகொண்டாள். முடிச்சு உள்ளிருந்து வெளிச்சம் கசிந்தது.

“போற வழியில இதை அதோட எடத்துல ஒட்டிட்டுப் போறேன். உன் பேருல ஒரு குறை எதுக்குப் பதிவேட்டுல கெடக்கணும்?”

நான் கையெழுத்துப் போட்டேன். என் பெயரில் ஐந்து எழுத்து. அன்றுதான் அது நீளமான பெயர் என்று தெரிந்தது.

மரணம் எழுந்து கட்டிலருகே வந்து, ஒரு கையை அம்மாவின் கழுத்துக்கும் ஒரு கையை முழங்காலுக்கும் கீழே கொடுத்துத் தூக்கியது. அம்மாவின் முகத்தில் வலி போன இடம் தெளிவாகத் தெரிந்தது.

“கேஸை அணைச்சியா?” என்று கேட்டாள்.

“அணைச்சுட்டேன்மா.”

சாமி படத்தில் இருந்த மல்லிகை ஒரே சமயத்தில் பூத்து, மணந்து, வாடியது. வெளியே மீன்கடைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கட்டிலில் மிஞ்சிய உடம்பை மறுநாள் எரித்தோம். திங்களன்று மரியசெல்வம் அண்ணன் கடைசிச் சீட்டை வெட்டிக்கொடுத்தார். எழுபத்தெட்டும் சேர்ந்தன.

அதற்குப் பிறகு ஊரில் யாராலும் பேரம் பேச முடியவில்லை. பேரம் அம்மாவின் வேலை, அது அவளோடு போய்விட்டது என்பதால் யாரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. சந்தையில் காய்களைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, வாயைத் திறந்து மூடினார்கள்.

ஒன்பதாம் நாள் பௌர்ணமி. மாலை ஆறரைக்கு நிலா எழுந்தது. எல்லோரும் மொட்டைமாடியில் நின்று பார்த்தோம். சீவல் ஒட்டப்பட்டிருந்தது, வலப்பக்கத்தில். இடப்பக்கம் வெட்டு அப்படியே இருக்க, வலப்பக்கம் மூன்று மில்லிமீட்டர் புடைத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் அமர்வுப் பிரிவிலிருந்து அழைத்தார்கள். முதல்முறையாகத் தனியே மாடியேறினேன். வரிசையில் எனக்குப் பின்னால் பூக்காரர் நின்றார். கமலவேணி முதலில் ஒரு வாரிசுச் சான்றிதழை நீட்டினார். என் அம்மா தையல்நாயகியின் சட்டப்படியான வாரிசு சுடர்விழி. சொத்து என்ற இடத்தில் ‘பேரம்’ என்று எழுதி முத்திரை வைத்திருந்தார்கள். பிறகு பதிவேட்டைத் திறந்தார்.

“இடப்பக்கம் மூணு குறைவு, வலப்பக்கம் மூணு கூடுதல். கூட்டினாச் சரியா வருது. ஆனா எடம் தப்பு. எடுத்து இடப்பக்கம் ஒட்ட உங்க அம்மாகிட்டச் சொல்லணும்.”

நான் கீழே பார்த்தேன். மேசையின் விளிம்பில் ஓர் எறும்பு போய்க்கொண்டிருந்தது. அது முனைவரை போய்த் திரும்பியது.

“வலப்பக்கமே இருக்கட்டும், மேடம்” என்றேன்.

“அதெப்படிம்மா? இடப்பக்கம்தான் வெட்டுப்பட்டுச்சு.”

“அந்தப் பக்கம் போகணும்னா நிலாவைச் சுத்திப் போகணும். அம்மாவுக்கு இடுப்பு முடியாது.”

“அங்க போயும் இடுப்பு வலியா?” கமலவேணி பேனாவைக் கீழே வைத்தார். “சரி, கொஞ்சம் இந்தப் பக்கமா நகத்தட்டும். கீழ ஒட்டச் சொல்லு.”

“கீழ ஒட்டுனா விழுந்துடும். மேல.”

“மேலயா? கொண்டை மாதிரில்ல இருக்கும்?”

“மேலன்னா இப்பவே ஒத்துக்குறோம். இல்லாட்டி வலப்பக்கம்தான்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். என் காதுகள் சூடாக இருந்தன.

“மேல” என்று எழுதி முத்திரை குத்தினார். எனக்குப் பின்னால் பூக்காரர் தொண்டையைச் செருமினார். சன்னலுக்குக் கீழே, சந்தைப் பக்கம், ஒரு பெண் குரல் உரக்கக் கேட்டது: “கத்திரிக்கா நாப்பதா? இருபத்தஞ்சுக்குக் குடு, இல்லாட்டி நீயே வச்சுக்க!”

அடுத்த பௌர்ணமியில் சீவல் நிலாவின் உச்சியில் இருந்தது, லேசாக வலப்பக்கம் சாய்ந்து.